கருங்கல் எல்லாம் கிரானைட்டா? தீப்பாறைகள் உருவாகும் கதையும் அவற்றை இனங்காணும் வழியும்

புக்கிட் கோம்பாக் எம்.ஆர்.டி. நிலையத்துக்குப் பக்கத்தில் 'லிட்டில் குய்லின்' இருக்கிறது. ஏரிக்கு நடுவே கறுத்த பாறை நிமிர்ந்து நிற்கும். திருமணப் படம் எடுக்கப் பலரும் அங்கே போவதுண்டு. நீங்களும் போயிருக்கலாம்.

"அது பழைய கிரானைட் கல்லுடைப்புக் குழிதானே?" என்று யாராவது கேட்டால் 'ஆமாம்' என்றுதான் பெரும்பாலும் சொல்வோம்.

ஆனால் அங்கே நிற்கும் பாறை கிரானைட் அல்ல. 'குய்லின்' என்ற பெயரும் அதற்குப் பொருந்தாது. சீனாவின் குய்லின் மலைகள் சுண்ணாம்புக் கல்லால் ஆனவை. லிட்டில் குய்லின் பாறையோ நெருப்பில் பிறந்தது. அதன் உண்மையான பெயர் கேப்ரோ.

தமிழில் இன்னொரு குழப்பமும் உண்டு. கிரானைட் என்றால் அகராதியில் 'கருங்கல்' என்று இருக்கும். ஆனால் புக்கிட் தீமாவில் உள்ள அசல் கிரானைட்டைப் பாருங்கள். வெளிர் சாம்பல் நிறம், சில இடங்களில் லேசான இளஞ்சிவப்பு. கறுப்பே இல்லை!

அப்போ ஒரு பாறைக்கு எதை வைத்துப் பெயர் சூட்டுகிறார்கள்? இரண்டே இரண்டு கேள்விகள் போதும்.

தீப்பாறை என்றால் என்ன?

பூமியில் உள்ள பாறைகளை மூன்று பெரிய குடும்பங்களாகப் பிரிக்கலாம்.

• தீப்பாறை: உருகிய பாறைக்குழம்பு குளிர்ந்து இறுகியது.
• படிவுப் பாறை: மணல், சேறு, சிப்பி போன்றவை அடுக்கடுக்காகப் படிந்து இறுகியது. சுண்ணாம்புக் கல் இந்தக் குடும்பம்.
• உருமாறிய பாறை: ஏற்கெனவே இருந்த பாறை, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருகாமலேயே வேறொன்றாக மாறியது.

நாம் பார்க்கப்போவது முதல் குடும்பத்தை. உருகிய பாறை நிலத்துக்கு அடியில் இருக்கும்போது அதற்கு மேக்மா என்று பெயர். வெளியே வந்து வழிந்தால் லாவா. பொருள் கிட்டத்தட்ட ஒன்றுதான். வெளியே வரும்போது அதில் கரைந்திருந்த வாயுக்களில் பெரும்பகுதி வெளியேறிவிடும்.

நம் காலடியில் நெருப்புக் கடல் இருக்கிறதா?

பள்ளிப் பாடநூல் படத்தில் பூமியை இரண்டாக வெட்டிக் காட்டியிருப்பார்கள். உள்ளே எல்லாம் சிவப்பாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, நாம் மெல்லிய ஓட்டின்மேல் மிதக்கிறோம், கீழே முழுக்கக் குழம்பு என்று பலர் நினைக்கிறார்கள்.

அது தவறு. நாம் நிற்பது பூமியின் மேலோடு. அதற்குக் கீழே ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழம்வரை இருக்கும் அடுக்குக்கு மேன்டில் என்று பெயர். அது அநேகமாக முழுவதும் திடப்பொருள்தான்.

எப்படித் தெரியும்? நிலநடுக்கம் வரும்போது பலவகை அலைகள் பூமிக்குள் பாய்கின்றன. அவற்றில் ஒருவகை அலையால் திரவத்தின் வழியாகப் போகவே முடியாது. ஆனால் அது மேன்டிலைத் தாராளமாகக் கடந்து வருகிறது.

அவ்வளவு சூட்டிலும் அது ஏன் உருகவில்லை? அழுத்தம்தான் காரணம். பிரஷர் குக்கரை நினைத்துப் பாருங்கள். உள்ளே அழுத்தம் கூடுவதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. அதுபோல, மேலே உள்ள பாறைகளின் பாரம் அழுத்துவதால் மேன்டில் பாறை உருகாமல் இருக்கிறது.

அப்படியென்றால் மேக்மா எங்கிருந்து வருகிறது? மூன்று வழிகள் உண்டு.

• அழுத்தம் குறைந்தால்: மேன்டில் பாறை மெல்ல மேலே எழும்போது அதன்மேல் உள்ள பாரம் குறையும். சூடு அப்படியே இருக்க, அழுத்தம் மட்டும் குறைவதால் பாறையின் ஒரு பகுதி உருகும். கடலடி மலைத்தொடர்களிலும் ஐஸ்லந்திலும் நடப்பது இது.
• தண்ணீர் சேர்ந்தால்: ஐஸ் கட்டிமேல் உப்புத் தூவினால் சீக்கிரம் உருகுமே, அதே மாதிரி. கடல் தரை ஒரு கண்டத்துக்கு அடியில் நுழையும்போது தன்னோடு தண்ணீரையும் கொண்டு போகிறது. அந்தத் தண்ணீர் சூடான பாறையின் உருகுநிலையைக் குறைத்துவிடும். சுமத்ரா, ஜாவா எரிமலைகள் உருவானது இப்படித்தான்.
• சூடு ஏறினால்: கீழிருந்து வந்த சூடான மேக்மா, மேலோட்டின் அடியில் தேங்கி நின்று பக்கத்துப் பாறையையும் உருக்கிவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள். மூன்றிலுமே பாறை முழுதாக உருகுவதில்லை. அதில் உள்ள கனிமங்களில் எளிதில் உருகக்கூடியவை முதலில் உருகி, மேலே ஏறுகின்றன. இது பிறகு நமக்கு உதவும்.

நெருப்பில் பிறந்தது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

18ஆம் நூற்றாண்டில் இது பெரிய சண்டை. ஜெர்மனியின் ஆப்ரகாம் வெர்னரும் அவருடைய மாணவர்களும், கிரானைட் உள்ளிட்ட பாறைகள் ஆதிகாலக் கடலில் படிந்தவை என்று சொன்னார்கள். ஸ்காட்லந்தின் ஜேம்ஸ் ஹட்டன் ஒப்புக்கொள்ளவில்லை. அவை உருகிய நிலையில் பூமிக்குள்ளிருந்து வந்தவை என்றார்.

ஹட்டன் 1785இல் ஸ்காட்லந்தின் கிளென் டில்ட் பள்ளத்தாக்குக்குப் போனார. அங்கே சிவப்புக் கிரானைட், கறுத்த பழைய பாறையின் விரிசல்களுக்குள் நரம்பு நரம்பாகப் புகுந்திருந்ததைக் கண்டார். திடமான கல் இன்னொரு கல்லுக்குள் எப்படிப் புகும்? உள்ளே போகும்போது அது குழம்பாக இருந்திருக்க வேண்டும். அதுமட்டுமல்ல, புகுந்த கல்தான் வயதில் இளையது. கிரானைட் உலகின் முதல் பாறை என்ற எண்ணமும் அங்கேயே ஆட்டம் கண்டது.

ஆனால் எதிர்த்தரப்பு ஒரு நல்ல கேள்வி கேட்டது. "பாறையை உருக்கிக் குளிரவைத்தால் கண்ணாடிதானே வரும்? படிகங்கள் எங்கிருந்து வந்தன?"

ஹட்டனின் நண்பர் ஜேம்ஸ் ஹால் அதைச் சோதித்தே பார்த்துவிட்டார். பசால்ட் வகைக் கல்லை உலையில் உருக்கினார். வேகமாகக் குளிர்ந்தபோது கண்ணாடிதான் வந்தது. ஆனால் மெதுவாகக் குளிரவிட்டபோது படிகங்கள் நிறைந்த கல் திரும்ப வந்தது. 1798இல் அவர் அந்த முடிவை அறிவித்தார்.

குளிரும் வேகம்தான் கல்லின் தோற்றத்தை முடிவு செய்கிறது என்பது அந்தச் சோதனையில் புரிந்தது. முதல் கேள்வி அதிலிருந்துதான் வருகிறது.

கேள்வி 1: எங்கே குளிர்ந்தது?

சீனியில் இருந்து கல்கண்டும் வரும். கடலை மிட்டாயைப் பிடித்து வைத்திருக்கும் கண்ணாடி போன்ற பாகும் வரும். இரண்டும் சீனிதான். கல்கண்டு பொறுமையாக வளர்ந்தது. அதனால் பெரிய பெரிய படிகங்கள். பாகோ சட்டென்று ஆறியது. படிகம் கட்ட நேரமே இல்லை.

பாறையும் அப்படித்தான்.

• நிலத்துக்கு அடியில், பல கிலோமீட்டர் ஆழத்தில் சிக்கிக்கொண்ட மேக்மாவை மேலே உள்ள பாறைகள் போர்வை மாதிரி மூடியிருக்கும். குளிர்ந்து இறுகப் பல்லாயிரம் ஆண்டுகள் முதல் பல லட்சம் ஆண்டுகள்வரை ஆகலாம். படிகங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவு வளரும். இவை ஆழ்நிலைப் பாறைகள்.
• வெளியே வழிந்த லாவா காற்றும் தண்ணீரும் பட்டு வேகமாகக் குளிரும். படிகங்கள் பொடிப்பொடியாக இருக்கும். வெறும் கண்ணுக்கு ஒரே நிறப் பரப்பாகத் தெரியும். இவை எரிமலைப் பாறைகள்.
• லாவா மிக வேகமாக உறைந்தால் படிகமே இல்லாத இயற்கைக் கண்ணாடி கிடைக்கும். அதன் பெயர் அப்சிடியன்.
• இரண்டுக்கும் நடுவே, விரிசல்களில் புகுந்து குளிர்ந்தவை நடுத்தரப் படிகங்களைக் கொண்டிருக்கும். டோலரைட் அந்த வகை.

சில கற்களில் பொடிப் படிகங்களுக்கு நடுவே பெரிய படிகங்கள் திட்டுத் திட்டாக இருக்கும். அது இரண்டு கட்டமாகக் குளிர்ந்த கல். அடியில் இருந்தபோது சில படிகங்கள் நிதானமாக வளர்ந்துவிட்டன. பிறகு மேக்மா மேலே ஏற, மிச்சம் எல்லாம் அவசரமாக இறுகிவிட்டது. கல்லைப் பார்த்தே அதன் பயணத்தைச் சொல்லிவிடலாம்.

கேள்வி 2: உள்ளே என்ன இருக்கிறது?

இங்கே முக்கியமான பொருள் சிலிக்கா. மணலிலும் கண்ணாடியிலும் இருக்கும் அதே சிலிக்காதான். பாறையின் எடையில் அது எத்தனை விழுக்காடு என்பதை வைத்துத் தீப்பாறைகளை நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள்.

சிலிக்கா அதிகம் என்றால் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் போன்ற வெளிர்நிறக் கனிமங்கள் கூடுதலாக இருக்கும். சிலிக்கா குறைந்து இரும்பும் மெக்னீசியமும் கூடினால் பைராக்சீன், ஒலிவின் போன்ற கருநிறக் கனிமங்கள் வரும். கல் கறுக்கும், கனக்கும். கிரானைட் தண்ணீரைவிடச் சுமார் 2.7 மடங்கு கனம். கேப்ரோ ஏறக்குறைய 3 மடங்கு.

இரண்டு கேள்விகளையும் சேர்த்தால் இப்படி ஓர் அட்டவணை கிடைக்கும்.

• சிலிக்கா 63 விழுக்காட்டுக்கு மேல்: அடியில் குளிர்ந்தால் கிரானைட். மேலே குளிர்ந்தால் ரியோலைட்.
• 52 முதல் 63 விழுக்காடு: அடியில் டயோரைட். மேலே ஆண்டிசைட்.
• 45 முதல் 52 விழுக்காடு: அடியில் கேப்ரோ. மேலே பசால்ட்.
• 45 விழுக்காட்டுக்குக் கீழ்: அடியில் பெரிடோடைட். மேன்டிலின் மேல்பகுதி பெரும்பாலும் இந்தப் பாறைதான். இதன் எரிமலை வடிவம் மிக அரிது.

ஒவ்வொரு வரியும் ஒரு ஜோடி. கிரானைட்டும் ரியோலைட்டும் ஒரே சமையல், வேறு வேறு அடுப்பு. கேப்ரோவும் பசால்ட்டும் அப்படித்தான்.

இந்தப் பெயர்கள் உங்களுக்குப் புதிதாக இருக்கலாம். ஆனால் கற்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஜாவாவின் போரோபுதூர் ஆண்டிசைட் கல்லால் கட்டப்பட்டது. இந்தியாவின் எல்லோரா குகைக்கோயில்கள் பசால்ட் பாறையில் குடையப்பட்டவை. சபாவின் கினபாலு மலையில் ஏறியிருந்தால், 4,095 மீட்டர் உயரத்தில் நீங்கள் நின்றது கிரானைட் குடும்பத்துப் பாறைமேல். அந்த மேக்மா இறுகிச் சுமார் 70 முதல் 80 லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. பாறைகளின் கணக்கில் அது குழந்தை.

ஒரே மேக்மாவில் இருந்து பல பாறைகள் வருமா?

வரும். கனடாவில் பிறந்த நார்மன் போவன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை ஆய்வுக்கூடத்தில் காட்டினார். மேக்மா குளிரும்போது எல்லாக் கனிமங்களும் ஒன்றாக உறைவதில்லை. வரிசை உண்டு. ஒலிவின், பைராக்சீன் போன்ற இரும்பும் மெக்னீசியமும் நிறைந்தவை அதிகச் சூட்டிலேயே படிகமாகிவிடும். குவார்ட்ஸ் கடைசியில்தான் வரும்.

முதலில் உருவான கனமான படிகங்கள் அடியில் தங்கிவிட்டால், மீதிக் குழம்பில் இரும்பும் மெக்னீசியமும் குறையும். சிலிக்கா கூடும். ஆக, கேப்ரோவாக ஆகியிருக்கவேண்டிய மேக்மாவின் கடைசி மிச்சம், கிரானைட்டை நெருங்கிவிடலாம். பாறையின் ஒரு பகுதி மட்டும் உருகும் என்று மேலே பார்த்தோமே, அது இதற்கு நேர் எதிர்ப் பாதை. கடைசியில் உறைவது, சூடாக்கும்போது முதலில் உருகும். கண்டங்களில் கிரானைட் இவ்வளவு அதிகமாக இருப்பதற்கு இந்த இரண்டு பாதைகளும் காரணம்.

சிலிக்காவுக்கும் எரிமலையின் குணத்துக்கும் என்ன தொடர்பு?

சிலிக்கா கூடக்கூடக் குழம்பு கெட்டியாகும். பசால்ட் லாவா ஏறத்தாழ 1,100 முதல் 1,200 டிகிரி செல்சியஸில் ஆறு மாதிரி ஓடும். ஹவாயியில் எடுக்கப்பட்ட காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். சிலிக்கா நிறைந்த மேக்மா அப்படி ஓடாது. உள்ளே இருக்கும் வாயு வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறி, ஒருநாள் வெடிக்கும்.

வெடித்துச் சிதறிய சாம்பலும் துண்டுகளும் படிந்து இறுகினால் அதற்கு டஃப் என்று பெயர். வாயுக் குமிழிகளோடு நுரைத்து உறைந்தால் பியூமிஸ். தண்ணீரில் மிதக்கும் கல்! 1883இல் கிராக்கத்தாவ் வெடித்தபோது வெளியான பியூமிஸ், இந்தியப் பெருங்கடலில் மாதக்கணக்கில் மிதந்து ஆப்பிரிக்கக் கரைவரை போனது.

அதைவிடப் பல மடங்கு பெரியது சுமத்ராவின் தோபா வெடிப்பு. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. அந்தக் குழம்பு கிரானைட்டின் எரிமலைச் சகோதரனான ரியோலைட் வகை. அதன் சாம்பல் இந்தியாவரை படிந்தது. பேராக் மாநிலத்தின் லெங்கோங் பள்ளத்தாக்கிலும் அந்தச் சாம்பல் கிடைத்திருக்கிறது. இன்று அங்கே தோபா ஏரி அமைதியாக இருக்கிறது. வெடித்த பிறகு சரிந்த பள்ளத்தில் தேங்கிய நீர்தான் அது.

சரி, சிங்கப்பூரில் என்ன இருக்கிறது?

20 கோடி ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிப் போகவேண்டும். டைனோசர்கள் தலைகாட்டத் தொடங்கிய டிரையாசிக் காலம். அப்போது ஒரு பழங்கடலின் தரை, இன்றைய தீபகற்ப மலேசியா, சிங்கப்பூர் பகுதியின் அடியில் நுழைந்துகொண்டிருந்தது. இன்று சுமத்ராவில் நடப்பது அன்று இங்கே நடந்தது. அப்போது ஆழத்தில் தேங்கி இறுகிய மேக்மாதான் புக்கிட் தீமா கிரானைட்.

அதன்மேல் இருந்த பல கிலோமீட்டர் பாறை, மழையாலும் வெயிலாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போய்விட்டது. ஒருகாலத்தில் ஆழத்தில் கிடந்தது இன்று 163 மீட்டர் உயரத்தில், நாட்டின் ஆக உயரமான இயற்கைக் குன்றாக நிற்கிறது. நீங்கள் வேர்க்க விறுவிறுக்க ஏறும் புக்கிட் தீமா, பழைய எரிமலைகளின் அடித்தளம் என்றே சொல்லலாம்.

புலாவ் உபினும் கிரானைட் தீவுதான். அங்கே வெட்டிய கல்லைக் கொண்டுதான் பெட்ரா பிராங்காவில் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் கட்டப்பட்டது. 1851இல் அது ஒளி வீசத் தொடங்கியது. ஜொகூர் கடற்பாலத்துக்கும் புலாவ் உபின், புக்கிட் தீமா கற்கள் போயின. அடுத்த முறை ஜொகூர் பாருவுக்குப் போகும்போது நெரிசலில் மாட்டிக்கொண்டால் நினைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குக் கீழே டிரையாசிக் காலம் இருக்கிறது.

உபினில் இன்னொரு விஷயமும் உண்டு. வெளிர் கிரானைட்டை ஊடுருவிக்கொண்டு கறுப்பு டோலரைட் பட்டைகள் சில இடங்களில் ஓடுகின்றன. ஹட்டன் ஸ்காட்லந்தில் கண்ட அதே பாடம். புகுந்தது இளையது, இடம் கொடுத்தது மூத்தது.

இனி லிட்டில் குய்லினுக்குத் திரும்புவோம். அந்தப் பாறையும் அடியில் மெதுவாகக் குளிர்ந்தது. முதல் கேள்விக்குக் கிரானைட் சொல்லும் அதே பதிலைத்தான் இதுவும் சொல்கிறது. ஆனால் இரண்டாம் கேள்வியில் பிரிந்துவிடுகிறது. குவார்ட்ஸ் மலிந்த பாறை அல்ல அது. பைராக்சீன், கருநிறம், கனம். எனவே கேப்ரோ. சிங்கப்பூரின் பொதுப்பணித் துறை 1976இல் வெளியிட்ட நிலவியல் நூல் அதைக் 'கோம்பாக் நோரைட்' என்று குறித்தது. நோரைட் என்பது கேப்ரோ குடும்பத்தில் ஒரு பிரிவு.

அப்புறம் ஏன் எல்லாரும் கிரானைட் என்கிறார்கள்?

கல் வியாபாரத்தில் 'கிரானைட்' என்றால் பளபளப்பாகத் தீட்டக்கூடிய எந்தக் கடினமான கல்லும்தான். சமையலறை மேடைக்கு 'பிளாக் கிரானைட்' வாங்கியிருக்கிறீர்களா? அது பெரும்பாலும் டோலரைட் அல்லது கேப்ரோவாக இருக்கும். தமிழ்நாட்டின் விழுப்புரம் வட்டாரத்தில் வெட்டி ஏற்றுமதி செய்யும் புகழ்பெற்ற கறுப்புக் கல் டோலரைட்தான்.

தமிழின் 'கருங்கல்'லும் கிட்டத்தட்ட அதே மாதிரி. அது நிலவியல் பெயர் அல்ல. செங்கல்லிலிருந்து பிரித்துக் காட்டும் நடைமுறைச் சொல். கோயில் தூணுக்கும் பாட்டி வீட்டு அம்மிக்கும் உறுதியான கல் வேண்டும் என்பதுதான் அதில் முக்கியம். அதைத் தவறு என்று சொல்லமுடியாது. ஆனால் எல்லாக் கருங்கல்லும் கிரானைட் அல்ல, எல்லாக் கிரானைட்டும் கறுப்பு அல்ல.

நிலவியலில் கிரானைட் என்ற பெயர் கிடைப்பது எளிதல்ல. வெளிர்நிறக் கனிமங்களில் குவார்ட்ஸ் 20 முதல் 60 விழுக்காடு இருக்கவேண்டும். ஃபெல்ட்ஸ்பார் வகைகளின் விகிதமும் பார்க்கப்படும். விகிதம் மாறினால் பெயர் கிரானோடயோரைட் என்று ஆகலாம். 'புக்கிட் தீமா கிரானைட்' என்று மொத்தமாக அழைக்கப்படும் பாறைத்திரளிலேயே கிரானோடயோரைட்டும் இருக்கிறது! சந்தேகம் வந்தால் கல்லை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சீவி, நுண்ணோக்கியில் வைத்துக் கனிமங்களை எண்ணுவார்கள். அந்த அளவு மெல்லியதாக ஆனால் கல் வழியாகவே வெளிச்சம் வரும்.

பெயர் எதுவாக இருந்தால் என்ன?

நல்ல கேள்வி. சும்மா பெயருக்காக யாரும் இவ்வளவு மெனக்கெடமாட்டார்கள்.

முதலாவது, நம் சுரங்கப்பாதைகள். புதிய கிரானைட் மிக உறுதியானது. 2008இல் திறக்கப்பட்ட ஆயுதப் படையின் நிலத்தடி வெடிமருந்துக் கிடங்கு, மண்டாய் கிரானைட்டுக்குள் குடைந்து அமைக்கப்பட்டது. ஆனால் நம் வெயிலிலும் மழையிலும் கிரானைட்டின் மேல்பகுதி மக்கிவிடுகிறது. அதன் ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகிவிடும், குவார்ட்ஸ் மணலாக மிஞ்சும். புக்கிட் தீமாப் பக்கம் நீங்கள் பார்க்கும் செம்மண் அப்படி வந்ததுதான்.

சிக்கல் என்னவென்றால், அது ஒரே சீராக மக்குவதில்லை. மென்மையான மண்ணுக்கு நடுவே மக்காத பெரிய உருண்டைக் கற்கள் புதைந்து கிடக்கும். சுரங்கம் தோண்டும் இயந்திரம் ஒரு பக்கம் வெண்ணெயையும் மறுபக்கம் இரும்பையும் வெட்டுவது மாதிரி திணறும். வெட்டும் பற்கள் சீக்கிரம் தேயும். மேலே நிலம் தாழாமலும் பார்த்துக்கொள்ளவேண்டும். அதனால்தான் எம்.ஆர்.டி. பாதை போடுமுன் வழிநெடுக ஆழத் துளையிட்டு, அடியில் எந்தப் பாறை, எவ்வளவு மக்கியிருக்கிறது என்று பார்க்கிறார்கள்.

இரண்டாவது, வரலாறு. தீபகற்ப மலேசியாவின் முதுகெலும்பாக ஓடும் தித்திவாங்சா மலைத்தொடர் பெரும்பாலும் கிரானைட். அந்த மேக்மா இறுகும் கடைசிக் கட்டத்தில் வெளியேறிய சூடான நீர்மங்கள், பாறை விரிசல்களில் வெள்ளீயத் தாதுவை விட்டுச் சென்றன. கிரானைட் மக்க, கனமான தாதுமணிகள் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் சேர்ந்தன. கிந்தா பள்ளத்தாக்கின் 'ஈய'ச் சுரங்கங்கள் அப்படித்தான் வந்தன. 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குப் போடப்பட்ட மலாயாவின் முதல் ரயில் பாதையும் ஈயத்தை ஏற்றிச் செல்லத்தான். ஈப்போவும் தைப்பிங்கும் வளர்ந்த கதையை ஒரு மேக்மாவின் கடைசி மூச்சிலிருந்து தொடங்கலாம்.

அந்த மேக்மா கேப்ரோவாக இறுகியிருந்தால் இந்த ஈயம் கிடைத்திருக்காது. பெயருக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

நீங்களே எப்படிப் பார்ப்பது?

ஆய்வுக்கூடம் தேவையில்லை. உடைந்த, சுத்தமான கல் முகப்பு ஒன்று, கைப்பேசிக் கேமரா. போதும்.

• படிகங்கள் தனித்தனியாகத் தெரிகின்றனவா? தெரிந்தால் அடியில் மெதுவாகக் குளிர்ந்தது. தெரியாவிட்டால் மேலே வேகமாகக் குளிர்ந்ததாக இருக்கலாம்.
• மங்கலான கண்ணாடித் துண்டு போலச் சாம்பல் நிறத்தில் மணிகள் இருக்கின்றனவா? அது குவார்ட்ஸ்.
• வெள்ளை அல்லது இளஞ்சிவப்பில், தட்டையான முகத்தோடு மினுங்கினால் ஃபெல்ட்ஸ்பார்.
• மிளகு தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகளா? பயோடைட் அல்லது ஹார்ன்பிளெண்டாக இருக்கலாம்.
• மொத்தத்தில் வெளிர்நிறமா, கருநிறமா? நிறத்தைக் கடைசியில் பாருங்கள். பாசியும் மழைக்கறையும் வெளிர்கல்லைக்கூடக் கறுப்பாகக் காட்டும்.

ஒன்று மட்டும் மறக்கவேண்டாம். இயற்கை வனப்பகுதிகளிலும் பூங்காக்களிலும் கல்லை உடைக்கவோ எடுத்துச் செல்லவோ கூடாது. படம் எடுத்தால் போதும்.

அடுத்த வார இறுதியில் நேரம் இருந்தால், காலையில் புக்கிட் தீமா ஹிண்ட்ஹீட் குழி, மாலையில் லிட்டில் குய்லின் என்று ஒரு சுற்றுப் போய் வாருங்கள். இரண்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர் தூரம்தான். இரண்டு பாறைமுகப்புகளின் முன்னாலும் நின்று அந்த இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: எங்கே குளிர்ந்தாய்? உள்ளே என்ன வைத்திருக்கிறாய்?

கூட வருபவர் "எல்லாம் ஒரே கிரானைட்தானே?" என்று கேட்டால், இனி உங்களிடம் பதில் இருக்கிறது.